எலும்புப் பொடி தின்ற எட்டு மாதம்

என் முகம் உருண்டு வந்தபோது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் சந்தோஷம். "மடுவத்தக்காவுக்கு இப்பதான் ஒடம்பு புடிச்சிருக்கு" என்றார்கள். பிறந்ததிலிருந்து நான் ஒட்டடைக் கம்பு. கன்னம் என்று ஒன்று எனக்கு இருந்ததே கிடையாது. ஐம்பத்தாறு வயதில் அது வந்தது. கண்ணாடியில் பார்த்து நானும் கொஞ்சம் பூரித்துத்தான் போனேன். எங்கள் தோட்டத்தில் மெலிந்தவள் நோயாளி, சதை போட்டவள் சுகமாக இருக்கிறவள். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. அந்த முகமே நோயின் அடையாளம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

ராகலைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை. பெண்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போவார்கள். பால் கரைப்பது, கஞ்சி வைப்பது, தொட்டில் ஆட்டுவது எல்லாம் நான். சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கும். "எலும்புக்குப் பலம் தரும் உணவு" என்று மேலே எழுதியிருக்கும். குரக்கன், எள்ளு, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்தலி, பால், முட்டை என்று கீழே படம் போட்டுப் பெயர் எழுதியது நான். பயிற்சி வகுப்பில் கற்றதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன். வருகிற தாய்மாருக்கெல்லாம் அதைக் காட்டிப் பாடம் நடத்துவேன். அதனால் எனக்குப் பாதி நர்ஸ் என்கிற மரியாதை. அந்த மரியாதையை நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மடுவத்துக்கு வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் கொழுந்து எடுத்தவள் நான். தலையில் கயிறு மாட்டி முதுகில் சுமை தொங்கவிட்டு மலை ஏறி இறங்கின உடம்பு. மாதவிலக்கு நின்ற பிறகு முழங்காலும் இடுப்பும் ஒரு நாள் விடாமல் வலித்தன. தைலம் தேய்த்தேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். குந்தி எழும்ப முடியாமல் சுவரைப் பிடித்து எழும்புவேன். கிளினிக்குக்குப் போகச் சொல்லி என் வீட்டுக்காரர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் முழுக்க வரிசையில் நிற்க வேண்டுமே என்று நான்தான் தட்டிக் கழித்தேன்.

சம்பள நாளில் எங்கள் லயத்துக்கு எல்லா வியாபாரிகளும் வந்துவிடுவார்கள். சீலைக்காரர், பாத்திரக்காரர், தவணைக்குக் கதிரை விற்கிறவர். அன்றைக்குப் புதிதாக ஒருவர் மோட்டார் சைக்கிளில் தகரப் பெட்டி கட்டிக்கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான பேச்சு. மடுவத்துக்குள் எட்டிப் பார்த்து என் அட்டையைக் கொஞ்ச நேரம் வாசித்தார்.

"நீங்க எழுதுனதாங்கக்கா? சரியா எழுதியிருக்கீங்க. நம்ம பொடியிலயும் இதேதாங்க. எள்ளு, முருங்க எல, குரக்கன், கூட கொஞ்சம் பெரண்டை. காயப்போட்டு இடிச்சது. இது மருந்தே இல்லீங்க, சாப்பாடு. இங்கிலீஷ் மருந்து ஒரு துளி கெடையாது" என்றார்.

என் அட்டையைப் பார்த்து எனக்கே திருப்பி ஒப்பித்தார் என்பது இப்போது விளங்குகிறது. அன்றைக்கு, படித்த மனுஷன் என்று நினைத்தேன். அவர் சொன்னபடி தினம் ஒரு வேளை, ஒரு தேக்கரண்டி பொடியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். மூன்றாம் நாள் காலையில் சுவரைப் பிடிக்காமல் எழும்பினேன். கீரையும் எள்ளும் எலும்புக்குப் போய்ச் சேர மாதக்கணக்கு ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். இரண்டே நாளில் வேலை செய்த ஒன்றைக் கண்டு எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வலி நின்றவளுக்கு யோசனை எங்கே வரும்?

பிள்ளையை விட வருகிற பெண்கள் கேட்டார்கள். நான் சொன்னேன். முதலில் வாங்கியவள் என் தங்கை மல்லிகா. லயத்தில் எங்கள் வீட்டை ஒட்டின காம்பராவில் இருக்கிறாள். அம்மா சாகும்போது அவளுக்கு நாலு வயது, நான்தான் வளர்த்தேன். நான் சொன்னதை அவள் ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நாற்பத்தாறு வயதிலும் அப்படித்தான். பொடி தின்ன ஆரம்பித்த பிறகு அவள் எடுக்கும் கொழுந்து கூடியது. "இந்தப் பொம்பளைக்கு என்னா திடீர்னு" என்று மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையாவே கேட்டாராம். இரண்டு மாதத்தில் ஒன்பது பேர் ஆனார்கள். ஒவ்வொரு மாதமும் யார் யாருக்கு வேண்டும் என்று நான் கொப்பியில் பேர் எழுதி வைப்பேன்.

எட்டாவது மாதம் விழுந்தேன். விழுந்தேன் என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. மடுவத்துப் படியில் ஈரம். கால் வழுக்கி அப்படியே உட்கார்ந்தேன், அவ்வளவுதான். குழந்தைகள் தினம் பத்துத் தரம் அந்த மாதிரி உட்காருகிறார்கள். ஆனால் எனக்கு உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. எழும்பப் பார்த்தால் வலது கால் என்னுடைய சொல் கேட்கவில்லை. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. ஒரு கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கி லொறியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு வளைவிலும் நான் போட்ட சத்தத்தில் டிரைவர் அழுதுவிட்டதாக என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுக்குக் கீழே, தொடை எலும்பின் கழுத்து ஒடிந்திருந்தது. அந்தப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும், சத்திரசிகிச்சைக்கு முறை வருகிற வரைக்கும் காலில் பாரம் கட்டித் தொங்கவிட வேண்டும் என்றார்கள். பெண்கள் வாட்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. வெளியே மூடுபனியைத் தவிர வேறொன்றும் தெரியாது. பெட்பேன் வைக்க இன்னொருத்தரைக் கூப்பிடுவதுதான் எல்லாவற்றிலும் கேவலமாக இருந்தது. முதல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிப் பார்த்தேன். அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

பக்கத்துக் கட்டிலில் வலப்பனையில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பத்து ஹாஜரா உம்மா. குளியலறையில் விழுந்து மணிக்கட்டு ஒடிந்தவர். அவருடைய மகள் தினமும் எலும்பு சூப் கொண்டுவருவாள், எனக்கும் சேர்த்து ஒரு கோப்பை. வாட்டில் படுத்திருந்த எல்லோரிடமும் எலும்புக்கு ஒரு வைத்தியம் இருந்தது. ஒருவர் முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கச் சொன்னார், இன்னொருவர் பிரண்டைத் துவையல் என்றார். நான் படுத்தபடியே பெருமையாக, "நான் எலும்புப் பொடி சாப்புடுறேங்க. எட்டு மாசமா" என்றேன். அப்புறம் ஏன் ஒடிந்தது என்று ஹாஜரா உம்மா கேட்கவில்லை. நல்ல மனுஷி.

நாலாம் நாள் எனக்கு வாந்தி வந்தது. சூப் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். மத்தியானத்துக்குள் கையைத் தூக்க முடியவில்லை. பேசுகிறவர்கள் எங்கோ தூரத்தில் பேசுவதுபோல இருந்தது. பிரஷர் இறங்கிவிட்டது, ரத்தத்தில் சீனியும் இறங்கிவிட்டது என்று ஓடினார்கள். பெரிய டொக்டர் வந்து என் முகத்தைப் பார்த்தார். முழங்கையின் தோலைப் பிடித்துப் பார்த்தார், கடதாசி மாதிரி மெல்லிசாக இருந்தது. தொட்ட இடமெல்லாம் ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டார். மருந்தே சாப்பிடுவதில்லை என்றேன், அது எனக்கு உண்மைதான். ஹாஜரா உம்மாதான், "பொடின்னு சொன்னீங்களே" என்று ஞாபகப்படுத்தினார். ஒரு ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் எனக்கு உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் என் வீட்டுக்காரர் பொடிப் பாக்கெட்டைக் கொண்டுவந்தார். பெரிய டொக்டர் அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற சின்ன டொக்டரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும், ஆஸ்பத்திரிச் சிங்களம் தெரியாது. முகத்தை வாசிக்க மட்டும் தெரிந்தது. பாக்கெட்டோடு அவர்கள் போனதும் நர்ஸைக் கேட்டேன். "அம்மே, இந்த பவுடர் நல்ல இல்ல. நாளைக்கி டொக்டர் சொல்லுவாங்க" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

நாளைக்கு வரைக்கும் நான் காத்திருக்கவில்லை. இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஹாஜரா உம்மாவின் போனை வாங்கி மல்லிகாவைக் கூப்பிட்டேன்.

"பொடிய கொட்டிரு. இப்பவே கொட்டு. மத்தவங்களுக்கும் சொல்லிரு."

"ஏன்க்கா?"

"கேள்வி கேக்காத. அது நல்லதில்லயாம். தண்ணி ஓடுற காண்ல கொட்டு."

"சரிக்கா" என்றாள்.

ஒன்றைச் செய்து முடித்த நிம்மதியில் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் சின்ன டொக்டர் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, நம் பேச்சு.

"ஒங்க கிட்னிக்கு மேல ரெண்டு சின்ன சொரப்பி இருக்குங்கம்மா. ஒடம்பு ஓடுறதுக்கு வேண்டிய ஒன்ன அது தெனம் சொரக்கும். அதே வேலைய செய்யிற மருந்து ஒன்னு இருக்கு, ஸ்டெரொய்ட்னு சொல்லுவோம். அளவா, தேவைக்குக் குடுத்தா நல்ல மருந்து. அதத்தான் இந்தப் பொடியில யாரோ கலந்திருக்காங்கன்னு நெனைக்கிறோம். வலி ஒடனே நின்னது அதாலதான். முகம் ஊதுனதும் அதாலதான். மாசக்கணக்கா சாப்பிட்டா எலும்புல இருக்கிற சுண்ணாம்பெல்லாம் போயி, செல்லரிச்ச பலக மாதிரி ஆயிரும்."

"நான் குரக்கன் சாப்புடுறேனே. நெத்தலி சாப்புடுறேனே."

"நல்லதுதாங்கம்மா. ஆனா இது ஒரு பக்கம் அள்ளிக்கிட்டுப் போகும்போது அதெல்லாம் பத்தாது."

பிறகு அவள் சொன்னதுதான் என்னை உறைய வைத்தது. வெளியிலிருந்து அந்த மருந்து வந்துகொண்டே இருந்தால் சுரப்பி தூங்கிவிடுமாம். திடீரென்று நிறுத்தினால் அது உடனே விழிக்காதாம். எனக்கு வாந்தியும் மயக்கமும் வந்தது, ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து பொடி சாப்பிடாததால்தான். அந்த ஊசி போடாவிட்டால் செத்திருப்பேன். அதனால் டொக்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். "வேற யாரும் சாப்பிடுறாங்களா? அவங்களா நிப்பாட்ட வேணாம், ஒடனே இங்க வரச் சொல்லுங்க" என்றாள்.

நான் போனைக் கேட்டேன். மல்லிகாவின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரருடையதற்கும் கிடைக்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரிக்குச் சின்ன டொக்டரே எடுத்துப் பார்த்தாள், அதுவும் இல்லை. முந்தின இரவு பெய்த மழையில் எங்கள் பக்கம் மண்சரிந்து கரண்டும் போய்விட்டது, பஸ்ஸும் இல்லை என்று வாட்டில் பேசிக்கொண்டார்கள். இரண்டு நாள். காலில் பாரம் கட்டியிருக்கிறது, எழும்ப முடியாது. போனை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். சுவரில் அட்டை எழுதின கையால் நானே அவளைக் கொன்றுவிட்டேன் என்று ஹாஜரா உம்மாவிடம் சொன்னேன். அவர் ஓதிக்கொண்டே என் நெற்றியைத் தடவினார். மகளிடம் சொல்லி ராகலைக்குப் போகும் மரக்கறி லொறிக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தனுப்பினார். எனக்கு யாரும் செய்யாத பெரிய உதவி அது.

துண்டு போய்ச் சேருவதற்கு முன்னாலேயே மல்லிகா மலையில் விழுந்திருந்தாள். இரண்டு நாளாக வாந்தி எடுத்துக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறாள். மழையில் நனைந்த சளி என்று பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியில் இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்திருக்கிறாள். மூன்றாம் நாள் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு வரவில்லை என்று தேடப்போய், மரத்தடியில் நினைவில்லாமல் கிடந்தவளைக் கண்டெடுத்தார்கள். சரிவு வரைக்கும் தூக்கி வந்து, மறுபக்கம் வேறு வண்டி மாற்றியிருக்கிறார்கள். லொறிக்காரர் கொடுத்த துண்டு அந்தச் சரிவிலேயே என் வீட்டுக்காரர் கைக்கு வந்ததாம். அதை அவர் ஆஸ்பத்திரி வாசலில் நீட்டியதால் மல்லிகாவுக்கு உடனே ஊசி கிடைத்தது.

மற்ற ஏழு பேரும் பொடியைக் கொட்டவில்லை. மல்லிகா சொல்லியும் கேட்கவில்லை. "வலிக்கு நீயா வந்து தேய்ப்ப" என்று திருப்பிக் கேட்டார்களாம். அதனால்தான் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு டிஸ்பென்சரி ஐயா எல்லோரையும் கிளினிக்குக்குக் கூட்டிவந்தார். பொடி விற்ற ஆள் அதற்குப் பிறகு எந்தச் சம்பள நாளிலும் வரவில்லை. பேர் தெரியாது, ஊர் தெரியாது. எட்டு மாதம் அவர் வந்துபோன வண்டியின் நம்பரைக்கூட நாங்கள் பார்த்து வைக்கவில்லை.

நான் மேல்மாடி வாட்டில், மல்லிகா கீழ்மாடி வாட்டில். அட்டெண்டன்ட் அம்மாதான் சேதி கொண்டுவருவார். கண் திறந்தாள், கஞ்சி குடித்தாள், முதுகு வலிக்கிறது என்று சொன்னாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு துண்டு நசுங்கி இறங்கியிருந்தது. அதற்கு ஒப்பரேஷன் இல்லை, ஆறும், ஆனால் பழைய உயரம் வராது, சுமை தூக்கவே கூடாது என்றார்கள். கொழுந்து எடுப்பவளிடம் சுமை தூக்காதே என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்?

எனக்குப் பன்னிரண்டாம் நாள் சத்திரசிகிச்சை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்தார்கள். தச்சு வேலை மாதிரித் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. என்னுடைய எலும்பு என்று தெரிந்தும் பயம் வரவில்லை, பயமெல்லாம் கீழ்மாடியில் இருந்தது. எலும்பின் அடர்த்தி பார்க்கும் ஸ்கேனுக்குக் கண்டிக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு என் தோடு அடகுக்குப் போனது. ரத்தத்தில் விட்டமின் டி-யும் குறைவு என்றார்கள். வெட்டவெளியில் கிடக்கிற எங்களுக்கு வெயில் சத்துக் குறைவா என்று சிரித்தேன். சின்ன டொக்டர் சிரிக்கவில்லை. தலைத்துணி, முழுக்கைச் சட்டை, இடுப்பில் படங்குச் சாக்கு, மேலே மூடுபனி, எங்கேயிருந்து வெயில் படும் என்று கேட்டாள்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். நாலு கால் சட்டத்தைப் பிடித்து வாசல் வரைக்கும் நடக்கிறேன். பொடிக்குப் பதிலாக அளவெழுதிக் கொடுத்த மாத்திரை, அது குறைந்துகொண்டே வருகிறது. கல்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு, இரும்புச்சத்து மாத்திரையை வேறு நேரத்தில் தண்ணீரோடு. சாயத்தண்ணியோடு இரும்புச்சத்து மாத்திரை போட்டால் பாதி வீண், அதைத்தான் நாங்கள் இத்தனை வருஷமாகச் செய்தோம். பத்து மணி வெயில் வந்தால் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். நெத்தலி, கீரை, குரக்கன் எல்லாம் முன்போலத்தான். அட்டையில் நான் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் வலியை இரண்டே நாளில் நிறுத்துகிற எதையும் இயற்கை என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கித் தின்றுகொண்டிருந்தால், கொட்டிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், பாக்கெட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் இதுவரை எழுதாமல் வந்திருக்கிறேன். மாதம் பத்துப் பாக்கெட் போனால் எனக்கு ஒன்று இனாம் என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். என் கொப்பியில் ஒன்பது பேர்தான், என்னையும் சேர்த்து. எனக்கு வந்தது இனாம் என்றால், காசு கொடுத்து வாங்கியவர்கள் எட்டுப் பேர். இருந்தும் மாதா மாதம் எனக்கு இனாம் வந்தது. எப்படி என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நின்றுவிடுமே.

மல்லிகாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று, போகிற வழியில் என்னைப் பார்க்க மேல்மாடிக்கு வந்தாள். கூனி நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். என்னைவிட உயரமாக இருந்தவள். எனக்குத் தாங்கவில்லை, இனாம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உன்னை விற்றுத்தான் நான் சும்மா தின்றேன், என்னை ஏசு என்றேன்.

"தெரியும்க்கா. அந்தாளு சொன்னான். ரெண்டு கொறையுது, அக்காவுக்கு இனாம் கெடைக்காதேன்னான். அதுனால நானே மூணா வாங்கிக்கிட்டேன்."

"மூணையும் என்னா பண்ணுன?"

"காசு குடுத்து வாங்குனத வீசவா முடியும்? மூணு வேளையும் தின்னேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். பஸ் போய்விடும் என்று அவள் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள். முதுகு நிமிராததால், என் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இரண்டாம் தரத்தில்தான் அவளால் எழும்ப முடிந்தது.